ராச்சோறும் எழுபது மணி நேரமும்

இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ (1994) நாவலை நாம் சாதி பற்றிய நாவல் என்றுதான் படித்திருக்கிறோம். சரிதான். தலித்துகளுக்குத் துணி வெளுக்கும் ஒரு புதிரை வண்ணார் குடும்பத்தின் கதை அது. ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளும் ஒடுக்குமுறை உண்டு என்று சொன்னதற்காக விவாதிக்கப்பட்டது. ஆனால் நைனார்பாளையத்தில் உட்கார்ந்துகொண்டு, ‘வீட்டிலிருந்தே வேலை’ என்ற பேரில் ராத்திரி பதினோரு மணிக்கும் மீட்டிங்கில் இருக்கிற எனக்கு, அது வேலையைப் பற்றிய நாவலாகவும் படுகிறது.

ஆரோக்கியத்தின் வேலைக்கு நேரம் கிடையாது. துணி வெளுக்கணும், பிள்ளைப்பேறு பார்க்கணும், சாவு வீட்டுக்கும் ஓடணும். கூலி என்ன? வீடு வீடாகப் போய் எடுக்கும் ராச்சோறு, அறுப்புக் காலத்தில் களத்தில் கிடைக்கும் தானியம். எவ்வளவு என்பது கொடுப்பவர் மனசு. கூலிக்கு அளவில்லாதபோது வேலைக்கும் அளவில்லை. இந்தக் கணக்கை மறைப்பது உறவுதான். ஊர் அவளைத் தன் வண்ணாத்தி என்கிறது, அவளும் ஊரைத் தன் ஊர் என்றே நம்புகிறாள். உறவில் கணக்குக் கேட்டால் கேட்டவள்தான் கெட்டவள்.

“இது கம்பெனி இல்ல, ஃபேமிலி” என்று ஹெச்ஆர் சொல்லும்போது எனக்கு ஆரோக்கியம்தான் ஞாபகத்துக்கு வருகிறாள். இரண்டும் ஒன்றல்ல. நான் நோட்டீஸ் பீரியட் முடித்துவிட்டுக் கிளம்பலாம். சாதிக்கு ராஜினாமா கடிதம் கிடையாது. ஆனால் மொழி ஒன்று. வாரம் எழுபது மணி நேரம் உழைக்கச் சொன்ன நாராயணமூர்த்தி (2023) ஊருக்குப் பதிலாக நாட்டை வைத்தார், அவ்வளவுதான்.

கணக்கு எழுதி வைப்பது ஏன் முக்கியம் என்று அதே 2023 காட்டியது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் அப்போது வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு கட்டியிருந்தது. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் ஏப்ரல் 21 அன்று தமிழக சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. மே 1 அன்று, சென்னையில் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடி சரியாக நூறு ஆண்டு ஆன நாளில், அது வாபஸ் பெறப்பட்டதாக முதல்வர் அறிவித்தார். ஒரு நாளைக்கு ஒன்பது என்று சட்டத்தில் எழுதியிருந்ததால்தான் பன்னிரண்டு என்றபோது எதிர்க்க முடிந்தது. ஆரோக்கியத்துக்கு அப்படி எழுதப்பட்ட எண் எதுவுமில்லை.

நாவல் அவளைக் கேலி செய்யவில்லை. அதுதான் இமையத்தின் பலம். தன்னை உறிஞ்சும் ஏற்பாடு உடையும்போது அவளே அதற்காக அழுகிறாள். அறியாமையால் அல்ல. நிலமில்லாதவளுக்கு அதை விட்டால் சோறில்லை. வேலை மேல் ‘விசுவாசம்’ என்று நாம் புகழ்வதில் பாதி இந்தப் பயம்தான்.

எனக்கு ஒரு குறை உண்டு. மகனும் மருமகளும் ஊரைவிட்டுப் போவதை நாம் பெரும்பாலும் ஆரோக்கியத்தின் கண்ணீர் வழியாகவே பார்க்கிறோம். போனவர்கள் பக்கத்து நியாயம் கொஞ்சம்தான் கேட்கிறது. கடை வைத்து, ஒரு உருப்படிக்கு இவ்வளவு காசு என்று சொல்லி வாங்கி, ராத்திரி கதவைச் சாத்திவிட்டுத் தூங்க ஆசைப்படுவது துரோகமா? அந்த நாவலை இனிமேல்தான் யாராவது எழுத வேண்டும்.