சுரங்கக்காரன் மகள்

கிராமத்தைப் புகழ்கிற பாட்டென்றால் எனக்குச் சற்றுப் பயம். பாடுகிறவர் பெரும்பாலும் கிராமத்தை விட்டு வந்து வெகு நாளாகியிருக்கும். அங்கே காற்று சுகம், தண்ணீர் சுகம், காதல்கூடக் கள்ளங் கபடமற்றது என்பார். திரும்பிப் போய் இருக்கச் சொன்னால் மட்டும் இருக்கமாட்டார். நானும் கதைகளில் அந்தக் குற்றத்தைச் செய்தவன்தான். ஆகவே, அமெரிக்கக் கிராமிய சங்கீதத்தில் பெயர் பெற்ற லொரெட்டா லின்னின் ‘கோல் மைனர்ஸ் டாட்டர்’ என்ற பாட்டைச் சந்தேகத்துடனேயே கேட்கத் தொடங்கினேன். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகள் என்று அதற்கு அர்த்தம்.

லின் 1932-ல் கென்டக்கி மாநிலத்து மலைப் பள்ளத்தாக்கு ஒன்றில் பிறந்தவர். எட்டுக் குழந்தைகளில் இரண்டாமவர். தம் வீட்டுக் கதையையே பாட்டாக எழுதினார். 1970-ல் வெளிவந்து, அந்த டிசம்பரில் கிராமிய இசைப் பட்டியலில் முதலிடத்துக்குப் போயிற்று. பிறகு அதே பெயரில் 1976-ல் சுயசரிதை, 1980-ல் சினிமா. அவராக நடித்த சிஸ்ஸி ஸ்பேசெக்குக்கு ஆஸ்கார் பரிசே கிடைத்தது. இத்தனைக்கும் பாட்டில் அப்படி என்னதான் இருக்கிறது?

ஒரு வீட்டுக் கணக்கு இருக்கிறது. அதுதான் அதன் பலம். அப்பாவுக்கு இரவில் சுரங்கம், பகலில் சோளக் கொல்லை. துணி துவைத்துத் துவைத்து அம்மாவின் விரல்களில் ரத்தம் கசிகிறது. பன்றியை விற்றால் குளிர்காலத்துக்குச் செருப்பு உண்டு. கோடையில் வெறுங்காலே கதி. தாய் தந்தையின் காதலைப் பற்றித் தனியாக வர்ணனை எதுவும் இல்லை. வேண்டியதும் இல்லை, இந்த உழைப்பே அவர்கள் காதல்.

தயாரிப்பாளர் ஓவன் பிராட்லி, பாட்டு நீளமென்று பல சரணங்களை வெட்டச் செய்தார். பத்திரிகைகளுக்குக் கதை எழுதிப் பழகியவனுக்கு அந்த வலி புரியும். ஆனால் வெட்டுக்குத் தப்பிய எதுவும் வெறும் அலங்காரமல்ல என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஒரு குறையைச் சொல்லாமல் விட முடியவில்லை. பாட்டு ஒலிப்பதிவானது 1969 அக்டோபரில். சுரங்கத் தூசியால் நுரையீரல் கெட்டவர்களுக்கு நஷ்ட ஈடு வழங்கும் சட்டம் அமெரிக்காவில் அதே ஆண்டு டிசம்பரில் வந்தது. லின்னின் தந்தைக்கும் அந்த நோய் உண்டு, 1959-லேயே இறந்துவிட்டார். பாட்டில் அவருடைய இருமல் கேட்கவில்லை. ‘அன்பு இருந்தது, வேறென்ன வேண்டும்?’ என்று சுரங்க முதலாளிகூடத் தலையாட்டிவிட்டுப் போகலாம். இது சின்னக் குறையல்ல.

இருந்தும் கடைசிச் சரணம் என்னைத் தோற்கடித்துவிட்டது. மகள் திரும்பி வருகிறாள். வீட்டில் தரைதான் மிச்சம், குடியிருப்பார் இல்லை. கிராமத்தைப் புகழ வந்த பாட்டு, ஊர் காலியாகிவிட்டதென்ற சேதியோடு முடிகிறது. வந்து இருங்கள் என்று யாரையும் கூப்பிடவில்லை. வறுமையைக் கொண்டாடவும் இல்லை. அதற்கு ஈடு கொடுத்து நின்ற இரண்டு பேரைத்தான் கொண்டாடுகிறது. இந்த வித்தியாசம் தெரிந்து எழுதுகிறவர்கள் எந்த பாஷையிலும் குறைவு.

லின் 2022-ல் காலமானார். கிராமத்தை வைத்து அடுத்த கதை எழுத உட்காரும்போது, பாத்திரங்களின் காலுக்குச் செருப்பு எப்படி வந்தது என்று முதலில் விசாரித்துக்கொள்வதாக இருக்கிறேன்.