ஆயிரத்தில் ஒரு துப்பாக்கி

குதிரையும் துப்பாக்கியும் வரும் அமெரிக்கப் படங்களில் அறிவியல் மாணவருக்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பெரும்பாலும் ஒன்றுமில்லை. ஆனால் 1950-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘வின்செஸ்டர் 73’ என்ற படத்தின் முற்பகுதி, ஆய்வுக்கூடத்தில் நாம் கற்பிக்க வேண்டிய ஒரு பாடத்தை அழகாகக் கற்பிக்கிறது. அதே படம் போற்றும் துப்பாக்கியோ, அந்தப் பாடத்தை மறந்ததற்கு ஓர் எடுத்துக்காட்டு. படத்தை அண்மையில் மீண்டும் பார்த்தபோது இந்த முரண்பாடு என் கண்ணில் பட்டது.

படத்தை இயக்கியவர் ஆன்தனி மான். கதை 1876-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள், அமெரிக்க சுதந்திரத்தின் நூற்றாண்டு விழாவன்று, டாட்ஜ் சிட்டியில் தொடங்குகிறது. குறிபார்த்துச் சுடும் போட்டி நடக்கிறது. வெல்பவருக்கு வின்செஸ்டர் கம்பெனியின் 1873 மாதிரி ரைபிள் பரிசு. அதுவும் சாதாரண ரைபிள் அன்று; ‘ஆயிரத்தில் ஒன்று’ என்று பொறிக்கப்பட்டது.

இவ்வகை ரைபிளில் விசையைச் சுற்றியுள்ள காப்பு வளையமே ஒரு நெம்புகோலாக நீண்டிருக்கும். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் வெற்றுக் கூடு வெளியே தெறிக்கும். புதிய தோட்டா உள்ளே செல்லும். சுத்தியலும் பின்னுக்கு நிற்கும். ஒரே அசைவில் மூன்று வேலைகள். தோட்டாக்கள் சுடுகுழலின் அடியில் உள்ள மற்றொரு குழாயில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன.

போட்டியில் லின் என்பவனும் (ஜேம்ஸ் ஸ்டூவர்ட்) டட்ச் என்பவனும் (ஸ்டீஃபன் மெக்நாலி) சமமாகச் சுடுகிறார்கள். பலகையில் வேறுபாடு காண முடியாததால் நாணயத்தை மேலே எறிந்து சுடச் சொல்கிறார்கள். இது பார்ப்பதற்கு மாயம் போலிருக்கும். கணக்கிட்டால் அவ்வளவு மாயமில்லை. உச்சியில் நாணயத்தின் வேகம் சுழி. உச்சிக்கு முன் 1/20 வினாடி, பின் 1/20 வினாடி, ஆக 1/10 வினாடி நேரம், அது சுமார் 1.2 செ.மீ. உயரத்துக்குள்ளேயே இருக்கிறது. சுடுபவர் துரத்த வேண்டியதில்லை, காத்திருந்தால் போதும். (படத்திற்காக உண்மையில் சுட்டவர் ஹெர்ப் பார்சன்ஸ், வின்செஸ்டர் கம்பெனிக்காகக் கண்காட்சிகளில் சுட்டுக் காட்டிய வல்லுநர்.)

அடுத்துத்தான் நான் சொல்ல வந்த காட்சி. லின் நடுவே துளையுள்ள ஒரு சிறு வளையத்தை எறியச் செய்து சுடுகிறான். வளையம் கீறலின்றிக் கீழே விழுகிறது. குறி தவறியது என்கிறான் டட்ச். துளை வழியே சென்றது என்கிறான் லின். இருவர் கூற்றுக்கும் ஒரே விளைவுதான்: வளையத்தில் தடயம் இல்லை. வாதம் எவ்வளவு நீண்டாலும் முடிவு காண இயலாது. அப்போது துளையின் மீது ஒரு தபால்தலை ஒட்டப்படுகிறது. மறுபடியும் எறிகிறார்கள், சுடுகிறான், தபால்தலையில் ஓட்டை விழுந்திருக்கிறது.

ஒரு கருத்து சரியா தவறா என்பதைப் பிரித்துக் காட்டும் சோதனையை எப்படி அமைப்பது என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் எந்தப் பாடநூலிலும் நான் கண்டதில்லை. அந்த ரைபிளின் குண்டு ஏறத்தாழ 11 மி.மீ. விட்டமுள்ளது, வளையத்தின் துளை அதைவிடச் சற்றே பெரியதென்றால், வளையம் சாய்ந்து நின்றாலே குண்டு விளிம்பில் பட்டுவிடும் என்பது வேறு கதை. கதாநாயகனுக்கு அவ்வளவு சலுகை தரலாம். கவனிக்க வேண்டியது இன்னொன்று: முதல் முறை சுட்டதை எவரும் வெற்றியாக ஏற்கவில்லை, மறுபடி சுடச் சொன்னார்கள்.

இனிப் பரிசுக்கு வருவோம். ‘ஆயிரத்தில் ஒன்று’ என்பது படத்திற்காகக் கட்டிய கதையன்று. 1870-களில் வின்செஸ்டர் கம்பெனி தன் விளையாட்டு ரைபிள்களின் சுடுகுழல் ஒவ்வொன்றையும் இலக்கில் சுட்டுச் சோதித்து, அந்த இலக்குத் தாளையும் எண்ணிட்டுத் துப்பாக்கியுடன் இணைப்பதாக அறிவித்தது. மிக நெருக்கமாகக் குண்டுகளைச் செலுத்திய குழல்களைத் தனியே எடுத்து, மெல்லத் தொட்டாலே இயங்கும் சிறப்பு விசை பொருத்தி, மெருகேற்றி, 100 டாலருக்கு விற்றது. இப்பெயருடன் வெளிவந்த 1873 மாதிரிகள் சுமார் 130-தான்.

கேட்க நியாயமாகத் தோன்றுகிறது. ஆனால் ஒரு கேள்வி: ஆயிரம் குழல்களும் தரத்தில் முற்றிலும் ஒன்றாகவே இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? ஆயிரம் பேரை நிறுத்தி, ஒவ்வொருவரையும் ஒரு நாணயத்தைப் பத்து முறை சுண்டச் சொல்லுங்கள். பத்து முறையும் தலையே விழும் வாய்ப்பு 1024-இல் 1. ஆகவே அந்தக் கூட்டத்தில் ஒருவருக்காவது அப்படி விழுவதில் வியப்பில்லை. அவருக்கு ‘ஆயிரத்தில் ஒருவர்’ என்று பட்டயம் எழுதித் தரலாம்; மறுநாள் அவர் சுண்டினால் மற்றவரைப் போலவே ஐந்து தலை, ஐந்து பூ என்ற அளவில்தான் விழும். சில குண்டுகளின் நெருக்கமும் இப்படித்தான். குழல் நன்றாயிருந்து நெருங்கியதா, அன்று அப்படி அமைந்ததா என்பதை ஒரே தாள் சொல்லாது. உண்மையில் குழல்களிடையே வேறுபாடு இருந்திருக்கும். ஆகவே பொறுக்கியதில் ஓரளவு பயன் உண்டு. எவ்வளவு என்பதை அறிய, பொறுக்கியவற்றை மறுபடி சுட்டுப் பார்த்திருக்க வேண்டும். அதுதான் தபால்தலை.

மேலும் ஒரு குழப்பம். பொறுக்கிய குழலோடு சிறப்பு விசையையும் சேர்த்துவிட்டார்கள். வாங்கியவர் நன்றாகச் சுட்டால் பெருமை குழலுக்கா, விசைக்கா? எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஊசலின் அலைவு நேரத்தைப் பத்து முறை அளந்துவிட்டு, 9.8-க்கு அருகில் வரும் ஒன்றை மட்டும் குறிப்பேட்டில் எழுதும் மாணவர்கள் ஆண்டுதோறும் உண்டு. அவர்களைக் கடிந்துகொள்ளும்போதெல்லாம் இனி இந்தக் கம்பெனி எனக்கு நினைவுக்கு வரும்.

அப்படியானால் இலக்கில் சுட நெம்புகோல் ரைபிள் வாங்குபவர் எதைப் பார்ப்பது? முதலில் இலக்கின் தொலைவை. 1873 மாதிரியின் 13 கிராம் குண்டு நொடிக்கு சுமார் 380 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. காற்றுத் தடையை விட்டுவிட்டாலும், 200 மீட்டர் செல்வதற்குள் அது 1.36 மீட்டர் கீழே இறங்கும். 1894 மாதிரியில் பெயர்பெற்ற ‘தர்ட்டி-தர்ட்டி’ தோட்டாவின் வேகம் நொடிக்கு சுமார் 670 மீட்டர். அதே தொலைவில் 0.44 மீட்டர்தான் இறங்கும். இன்று அமெரிக்காவில் பழைய காலத்து உடையணிந்து, அருகிலுள்ள பெரிய இரும்புத் தட்டுகளை விரைந்து சுடும் போட்டிகளில் 1873-இன் படிகளை விரும்பி வாங்குகிறார்கள். அங்கு வேண்டியது நெம்புகோலின் வழுக்கோட்டம். 200 மீட்டரில் நிற்கும் இரும்பு ஆட்டுருவத்தைச் சாய்க்கும் போட்டிக்கு இரண்டாம் வகையே பொருந்தும்.

அடுத்து, குறிபார்க்கும் அமைப்பு. முன்னே ஒரு முள், பின்னே ஒரு பிளவு. இரண்டுக்கும் இடையே 50 செ.மீ. என்று கொள்வோம். முள் கால் மில்லிமீட்டர் விலகினால், ஒத்த முக்கோணங்களின்படி, 100 மீட்டரில் குண்டு 5 செ.மீ. விலகும். ‘ஆயிரத்தில் ஒன்று’ குழலும் இந்தப் பிழையைத் திருத்தாது. குழாயில் தோட்டாக்கள் வரிசையாக நிற்பதால் கூர்முனைக் குண்டு போடுவதும் ஆபத்து. ஒன்றின் முனை முன்னுள்ள தோட்டாவின் வெடிமூடியைக் குத்தும். எனவே மொட்டைக் குண்டுகள்தாம். அவை காற்றில் விரைவில் வேகமிழக்கும். சாவேஜ் கம்பெனி 1899 மாதிரியில் சுழலும் அறையை வைத்து இந்தச் சிக்கலைத் தவிர்த்தது.

படம் இவற்றையெல்லாம் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதுமில்லை. ரைபிள் திருடப்பட்டுக் கைமாறிக் கைமாறிச் செல்வதையும், அதைத் தொட்டவர் பலர் மடிவதையும் விறுவிறுப்பாகக் காட்டுகிறது. ஆனால் அதன் புகழ்ச்சியை அதன் நிகழ்ச்சிகளே மறுக்கின்றன. போட்டியை வென்றது பரிசு ரைபிள் அன்று, வேறு ரைபிள். இறுதியில் பாறைக் குன்றின் மேலிருந்து பரிசு ரைபிளால் சுடுபவன் டட்ச்; கீழிருந்து மற்றொரு ரைபிளால் சுடும் லின்தான் வெல்கிறான். கதை எழுதியவர்கள் இதைத் தெரிந்தே செய்தார்களா என்று சொல்ல முடியவில்லை; செய்திருந்தால் பாராட்டுவேன்.

படத்தை வெளியிட்டபோது, எஞ்சியிருந்த அசல் ‘ஆயிரத்தில் ஒன்று’ ரைபிள்களைத் தேடி விளம்பரம் செய்தார்கள். மறைந்து கிடந்த சில வெளிவந்தன, விலையும் ஏறியது. அவை இப்போது சேகரிப்போரின் கண்ணாடிப் பெட்டிகளில் இருக்கின்றன. அந்த விலை கொடுத்து வாங்கியவருக்கு, அவற்றை வெளியே எடுத்து மறுபடி இலக்கில் சுட்டுப் பார்க்க மனம் வராது.