எம்பிரஸ்: மும்பையின் உல்லாசக் கப்பல்

'எம்பிரஸ்' பிரான்சின் சான் நசேர் தளத்தில் கட்டப்பட்ட கப்பல். 211 மீட்டர் நீளம். 1990இல் 'நார்டிக் எம்பிரஸ்' என்ற பெயரில் மயாமியிலிருந்து பஹாமாஸுக்கு ஓடத் தொடங்கியது. 2021 செப்டம்பர் முதல் கார்டீலியா நிறுவனத்துக்காக மும்பையிலிருந்து கோவாவுக்கும் லட்சத்தீவுக்கும் செல்கிறது. கரீபியப் பயணிகளுக்கென்று வடித்த உடல் அரபிக்கடலுக்கும் அழகாகவே பொருந்தியிருக்கிறது.

மும்பையின் மாட்டுங்கா, செம்பூர் வீடுகளிலிருந்து மகன், மருமகள், பேரப்பிள்ளைகளோடு கிளம்பும் மூத்த தம்பதிக்கு இதைவிட இதமான பயணம் அரிது. பெட்டியை ஒருமுறை அறையில் வைத்தால் போதும்; மூட்டுவலிக்காரருக்கு அதுவே பெரிய நிம்மதி. சமண உணவும் கிடைப்பதால் வெங்காயம், பூண்டு சேர்க்காதவர்களும் தயங்க வேண்டியதில்லை. பகலில் நீச்சல்குளமும் இரவில் இசையும் இளையவர்களுடையவை. இரைச்சல் இருக்கத்தான் செய்யும். விடியற்காலை மேல்தளமோ பெரியவர்களுக்கே உரியது. கோவா நோக்கிச் செல்கையில் கரை இடப்பக்கம், திறந்த கடல் வலப்பக்கம். முந்தைய மாலை, கொலாபா முனையைத் தாண்டியபின் சூரியன் மறைவதும் அந்த வலப்பக்கத்தில்தான். அந்த ஒரு காட்சிக்கே சீட்டுப் பணம் தகும்.

கப்பலின் ஆட்டம் முனைகளிலும் மேல்தளங்களிலும் அதிகம். நடுப்பகுதியின் கீழ்த்தளங்களில் மிகக் குறைவு. மழைக்காலத்தில் அரபிக்கடல் கொந்தளிக்கும். ஆகவே பெற்றோருக்குச் சீட்டு எடுப்பவர்கள் நவம்பருக்குப் பிந்தைய பயணத்தில், நடுவே, கீழ்த்தளத்தில், மின்தூக்கிக்கு அருகில் அறை கேளுங்கள்.