ஜட்ஜ் பர்னலின் சாட்சிகள்

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற ஜட்ஜ் ஒருவர் கீதைக்கு வியாக்கியானம் எழுதவில்லை என்றால், தம் ஊர்ச் சரித்திரம் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக் கொள்ளலாம். கோர்ட்டு மனிதர்களுக்கும் சரித்திரத்துக்கும் அப்படி ஓர் உறவு இருக்கிறது. கோயமுத்தூரில் வக்கீலாக இருந்த சி. எம். ராமச்சந்திரன் செட்டியார், 'கோவை கிழார்' என்ற பெயரில் கொங்கு நாட்டு வரலாற்றை எழுதினார். மதுரை ஜில்லாவைப் பற்றி 1868இல் பெரிய புத்தகம் போட்ட நெல்சன், பிற்பாடு ஜில்லா ஜட்ஜாக இருந்தவர். தஞ்சாவூருக்கு வாய்த்தவர் ஆர்தர் கோக் பர்னல்.

தஞ்சாவூர் மாதிரி ஜில்லாவில் ஜட்ஜாக இருக்கிறவனுக்குச் சரித்திர ஆசை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். காவிரிப் பாசனத்தில் ஒரு மடை யாருடையது என்று கேஸ் வந்தால், அதோடு மூன்று தலைமுறைக் கதையும் கோர்ட்டுக்கு வந்துவிடும். கோயிலில் முதல் மரியாதை யாருக்கு என்று கேட்டு ஒருவன் வந்தால், நாயக்கர் காலத்துச் செப்பேடு என்று ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வருவான். அது நிஜச் செப்பேடா, போன வருஷம் கும்பகோணத்தில் அடித்ததா என்று ஜட்ஜ்தான் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டுமானால் எழுத்து தெரிய வேண்டும். எந்தக் காலத்தில் எழுத்து எப்படி வளைந்தது என்பது தெரிய வேண்டும்.

பர்னலின் முக்கியமான புத்தகம் இந்தத் தேவையிலிருந்துதான் பிறந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. தென்னிந்திய எழுத்துக்களின் வரலாறு பற்றிய அந்தப் புத்தகம் 1874இல் மங்களூர் பாஸல் மிஷன் அச்சகத்தில் அச்சாகியது. திருத்திய இரண்டாம் பதிப்பு 1878இல் லண்டனில் வந்தது. தமிழ் வாசகர்களில் பலர் பெயர்கூடக் கேள்விப்பட்டிராத புத்தகம். கேள்விப்பட்டவர்களும் அதை எழுத்து ஆராய்ச்சிக்காரர்களின் கைப்புத்தகம் என்று ஒதுக்கி வைத்துவிட்டார்கள். நான் அதை ஒரு ஜட்ஜ் எழுதிய தீர்ப்பாகப் படிக்கிறேன். அப்படிப் படித்தால் சுவாரஸ்யம் கூடுகிறது; ஒரு குறையும் கண்ணில் படுகிறது.

மனிதரைப் பற்றி இரண்டு வார்த்தை. 1840இல் இங்கிலாந்தில் பிறந்து, 1860இல் சென்னை ராஜதானி சிவில் சர்வீஸில் சேர்ந்தார். மங்களூரிலும் தஞ்சாவூரிலும் நீதிபதியாக இருந்தார். ஸம்ஸ்கிருதம் நன்றாகத் தெரியும்; சாமவேதத்தைச் சேர்ந்த பிராமண நூல்கள் சிலவற்றைப் பதிப்பித்திருக்கிறார். உடம்பு இந்தச் சீமைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. 1882இல், நாற்பத்திரண்டாவது வயதில், இங்கிலாந்தில் இறந்து போனார். ஓய்வு பெற்ற பிறகு நிதானமாக எழுதலாம் என்ற பேச்சுக்கே அவர் விஷயத்தில் இடமில்லை. கோர்ட்டு வேலையோடு செய்த வேலைதான் எல்லாம்.

எழுத்துப் புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்தது சாசனங்களின் வகைகளைப் பற்றிப் பேசும் பகுதி. ஒரு ராஜா நிலம் கொடுத்தால் சாசனத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று தர்மசாஸ்திரங்கள் விதித்திருக்கின்றன: கொடுத்தவன் வம்சம், வாங்கினவன் பெயர், நிலத்தின் எல்லை, தேதி, முத்திரை. பர்னல் அந்த விதிகளை எடுத்து வைத்துக்கொண்டு, கிடைத்த செப்பேடுகளை அவற்றோடு ஒத்துப் பார்க்கிறார். பொய்ச் சாசனம் செய்கிற தொழில் பழைய காலத்திலேயே இருந்தது என்பதற்குச் சாஸ்திரங்கள் விதித்த தண்டனைகளையே சாட்சியாக வைக்கிறார். திருட்டுக்குத் தண்டனை எழுதி வைத்திருந்தால் திருடன் இருந்திருக்கிறான் என்றுதானே அர்த்தம்! இது ஜட்ஜுக்குத் தோன்றுகிற வாதம். பண்டிதருக்குத் தோன்றாது.

1872ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தில் ஒரு விதி இருந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் பழையதான பத்திரம், இருக்க வேண்டிய இடத்திலிருந்து வந்தால், அதை நிஜம் என்றே கோர்ட்டு எடுத்துக்கொள்ளலாம். பர்னல் கோர்ட்டில் இந்தச் சலுகையைக் கொடுத்திருப்பார், சட்டம் அப்படி. சரித்திரத்தில் கொடுக்கவில்லை. ஆயிரம் வருஷத்துப் பத்திரமானாலும் அதைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்யாமல் விட்டதில்லை.

தப்பே செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. வட்டெழுத்துத்தான் தமிழின் ஆதி எழுத்து என்றும், அசோகன் எழுத்தோடு சம்பந்தமில்லாமல் மேற்காசியாவிலிருந்து நேராக வந்தது என்றும் அவர் தீர்ப்புச் சொன்னார். அது அப்பீலில் நிற்கவில்லை. பாண்டி நாட்டுக் குகைகளில் இருந்த பிராமி எழுத்துக்கள் தமிழே என்று கே. வி. சுப்பிரமணிய ஐயர் 1924இல் எடுத்துக் காட்டினார். ஐராவதம் மகாதேவன் 2003இல் வெளியிட்ட பெரும் புத்தகத்தோடு அந்த விவகாரம் அநேகமாக முடிந்துவிட்டது. மகாதேவனும் சட்டம் படித்தவர் என்பதை இங்கே ஞாபகப்படுத்தினால் தவறில்லை. பர்னலிடம் அந்தக் குகைச் சாட்சிகள் வந்து சேரவில்லை. வராத சாட்சிக்கு ஜட்ஜ் என்ன செய்வார்?

அடுத்தது அரண்மனைச் சுவடிகளின் அட்டவணை. நாயக்க ராஜாக்கள் சேர்க்க ஆரம்பித்து, மராட்டியர் வளர்த்து, இரண்டாம் சரபோஜி காசி வரையில் போய் வாங்கிச் சேர்த்த புஸ்தகசாலை அது. 1855இல் கடைசி ராஜா ஆண் வாரிசில்லாமல் இறந்தார்; ராஜ்யம் போயிற்று; சுவடிகள் அரண்மனையில் கிடந்தன. சென்னை அரசாங்கம் கேட்டுக்கொண்டபடி அங்கே இருந்த ஸம்ஸ்கிருதச் சுவடிகளுக்குப் பர்னல் தயாரித்த அட்டவணை 1880இல் முடிந்தது. கிரந்தம், தெலுங்கு, தேவநாகரி, நந்திநாகரி என்று ஒவ்வொரு கட்டு ஒவ்வோர் எழுத்தில் இருக்கும். எழுத்துப் புத்தகம் எழுதிய கைதான் இதற்கும் லாயக்கு. பிற்காலத்தில் பி. பி. எஸ். சாஸ்திரியார் பத்தொன்பது தொகுதிகளில் விரிவான அட்டவணை போட்டார். ஆனாலும் முதலில் காட்டை வெட்டிப் பாதை போட்டவர் பர்னல்தான்.

இதே ஜில்லாவில் இருந்த இன்னொரு கோர்ட்டுக்காரரின் புத்தகமும் 1879இல் அச்சாகியது என்பது என்னை மாதிரி நாவல் எழுதுகிறவனுக்குத் தித்திப்பான சங்கதி. மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' அது. ஒரு நீதிபதி இல்லாத மனிதர்களைக் கற்பித்துச் 'சரித்திரம்' என்று பெயர் வைத்தார். இன்னொருவர் இருந்த மனிதர்களின் சரித்திரத்தைத் தேடிச் சுவடிக் கட்டுக்குள் தலையை விட்டார். வேதநாயகம் பிள்ளையின் புத்தகத்தில் வழிநெடுகக் கதை கேட்கிறோம். யாரோ யாருக்கோ ஏதோ சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். பர்னலின் தஞ்சாவூரில் யாரும் வாய் திறப்பதில்லை.

என் குறை இதுதான். அந்த மனிதருக்குக் காது இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் காது இருந்தது. அதனால்தான் குறையாகச் சொல்லத் தோன்றுகிறது.

அவருடைய சட்ட நூல்களைப் பாருங்கள். மாதவரின் தாயவிபாகத்தை 1868இலும், வரதராஜரின் வியவகார நிர்ணயத்தை 1872இலும் மொழிபெயர்த்தார். அவற்றில் அவர் சொன்ன அபிப்பிராயம் அந்தக் காலத்து ஜட்ஜுகளைக் கோபப்படுத்தக் கூடியது. தர்மசாஸ்திரம் எல்லா ஜாதிகளுக்கும் எழுதி வைத்த சட்டப் புத்தகம் அல்ல. ஜனங்கள் நிஜமாக நடந்துகொண்ட சட்டம் அவரவர் வழக்கம். கோர்ட்டுகள் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு வழக்கத்தைக் கோட்டை விடுகின்றன என்பது அதன் சாரம். நெல்சனும் பிற்பாடு இதே சண்டையைப் பிடித்தார். எழுதிய ஏட்டைவிடப் பேசிப் பழகின வழக்கம் பெரிது என்று கோர்ட்டுக்குச் சொன்னவர், சரித்திரத்துக்கு வந்தவுடன் எழுதினதைத் தவிர வேறு எதையும் வாங்க மறுக்கிறார்!

மங்களூரிலும் இதே ஆள்தான். துளு நாட்டில் பூதங்களுக்கு ஆடுகிறவர்கள் பாடும் கதைப்பாட்டுகளை எழுதி எடுத்துச் சேர்த்து வைத்திருந்தார். அவர் இறந்து பன்னிரண்டு வருஷம் கழித்து, 1894 முதல், அவை 'இந்தியன் ஆன்டிக்வரி' பத்திரிகையில் வந்தன. எழுத்தறியாத ஜனங்களின் வாய்ச்சொல்லுக்கு அத்தனை மதிப்புக் கொடுத்த வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்கள் சிலரே. ஹென்றி யூலோடு சேர்ந்து தொகுத்த அகராதியும் அவர் இறந்த பிறகு, 1886இல்தான் வந்தது. கறி, கஞ்சி, பந்தல், கட்டுமரம், சுருட்டு, மிளகுதண்ணி என்று கடைத்தெருவில் புழங்கின வார்த்தையெல்லாம் அதில் இருக்கிறது. சமையற்காரனின் வாயிலிருந்து வார்த்தை எடுத்தவர், தஞ்சாவூர்க் கீழவீதியில் ஒரு கிழவியை நிறுத்திக் கதை கேட்டிருக்கக் கூடாதா?

கேட்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பொய்தான் நிறையக் கிடைத்திருக்கும். பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். சாயங்காலம் போய் நின்றால் நிழலிலேயே உட்கார்ந்து வேர்க்கடலை தின்னலாம். கோயிலைக் கட்டினவன் கரிகாலன் என்று தலபுராணம் சொல்லிற்று. 1886இல் அரசாங்கக் கல்வெட்டு ஆராய்ச்சியாளராக வந்த ஹூல்ஷ், மதிலில் உள்ளதைப் படித்து ராஜராஜன் பெயரை உறுதியாக நிறுத்தினார். வாய்ச்சொல் ராஜாவின் பெயரையே மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது, கல் மாற்றவில்லை. இந்த வரையில் பர்னல் கட்சிதான் ஜெயிக்கிறது.

ஆனால் இன்னொரு கதையும் இருக்கிறது. கோயில் வேலை நடந்தபோது தச்சர்களுக்கு மோர் கொடுத்துக்கொண்டிருந்த இடைச்சி ஒருத்தி, தன் வீட்டிலிருந்த கல்லை விமானத்துக்குக் கொடுத்தாளாம். ராஜாவின் கனவில் சுவாமி வந்து, 'இடைச்சி கொடுத்த நிழலில் சுகமாக இருக்கிறேன்' என்றாராம். ராஜா தேடிக்கொண்டு போய் அவளைக் கௌரவித்தாராம். சாட்சிச் சட்டப்படி இது கேள்விச் சாட்சியம், தள்ளுபடி. அந்தப் பெண் இருந்தாள் என்பதற்குக் கல்வெட்டு இல்லை. சரி. ஆனால் மதிலில் என்ன எழுதியிருக்கிறது? தான் கொடுத்ததையும், தன் அக்கா கொடுத்ததையும், தன் பெண்டுகள் கொடுத்ததையும், மற்றவர்கள் கொடுத்ததையும் சேர்த்து வெட்டச் சொல்லி ராஜராஜன் உத்தரவிட்டிருக்கிறான். பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியேற்றிய நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர், அவள் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தாள், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பதெல்லாம் இருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு, வருஷத்துக்கு நூறு கலம் நெல். பெருந்தச்சன் பெயர் இருக்கிறது. நாவிதன் பெயர்கூட இருக்கிறது. கொடுத்தவர்களை விட்டுவிடக் கூடாது என்ற எண்ணம் அந்தக் கல்லிலேயே இருந்தது. கதை அதைத்தான் பிடித்து வைத்துக்கொண்டது. பெயரைத் தவற விட்டுவிட்டு நடத்தையைக் காப்பாற்றிய சாட்சி. நாவலாசிரியனுக்கு இப்படிப்பட்ட சாட்சியைத் தள்ள மனம் வராது.

சட்டமேகூட இந்த விஷயத்தில் பர்னலைக் காட்டிலும் தாராளமாக இருந்தது. ஊர்ப் பொது வழக்கம், பொது உரிமை பற்றிய தகராறில், தகராறு கிளம்புவதற்கு முன்பு செத்துப்போன பெரியவர் ஒருவர் சொன்ன அபிப்பிராயத்தை ஏற்றுக்கொள்ளலாம் என்று 1872ஆம் வருஷத்துச் சட்டம் இடம் கொடுத்தது. வாய்க்கால் கேஸில் செத்த கிழவனின் வார்த்தை செல்லும். சரித்திரத்தில் செல்லாது என்றால் எப்படி?

சதாசிவ பண்டாரத்தாரை நினைத்துக் கொள்கிறேன். திருப்புறம்பயத்துக்காரர், கும்பகோணத்தில் தமிழாசிரியராக இருந்தவர், அவரும் கல்வெட்டைத்தான் ஆதாரமாகக் கொண்டார். ஆனால் ஊர்ப்பெயரும் கோயில் வழக்கும் தேவாரமும் அவருக்கு வீட்டுச் சாமான் மாதிரி. அதனால் அவருடைய சோழர் சரித்திரத்தில் வருகிற ஊர்களுக்குப் போக வழி தெரிகிறது. பர்னலின் புத்தகத்தில் ஊர்கள் செப்பேட்டின் விலாசங்களாக நின்றுவிடுகின்றன.

இதையெல்லாம் சொல்லும்போது பர்னலுக்குக் கிடைத்த காலத்தையும் மறக்கவில்லை. பகலெல்லாம் கோர்ட்டு, சரியில்லாத உடம்பு, முடிக்க வேண்டிய அட்டவணை. அரசாங்கம் கேட்டது ஸம்ஸ்கிருதச் சுவடிகளுக்கு மட்டும்தான். அதே அரண்மனையில் மோடி எழுத்தில் கட்டுக் கட்டாகக் கிடந்த மராட்டியர் காலத்துக் கணக்குகள், கூலி, சாப்பாடு, தண்டனை என்று தினசரி வாழ்க்கை முழுவதும் அடங்கியவை. அவற்றைப் பற்றிக் கேட்பார் இல்லை. நூறு வருஷத்துக்கு அப்புறம் தமிழ்ப் பல்கலைக்கழகம் அந்த மோடி ஆவணங்களில் ஒரு பகுதியைத் தமிழாக்கி வெளியிட்டது. நாவலுக்கு விஷயம் தேடுகிறவர்கள் அதைப் படிக்கலாம், நான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

பர்னலின் எழுத்துப் புத்தகம் முழுவதையும் தமிழாக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். பாதி காலாவதியாகிவிட்டது. சாசன வகைகளும் பொய்ச் சாசனங்களும் பற்றிய பகுதியையும், ஓலை, செம்பு, கல், காகிதம் என்று எழுதும் பொருள்களைப் பற்றிச் சொல்கிற பக்கங்களையும் யாராவது தமிழில் கொண்டு வந்தால் போதும். சிறு புத்தகமாக வரும். கோர்ட்டு வழக்கு தெரிந்த ஒரு வக்கீலே மொழிபெயர்த்தால் இன்னும் நல்லது. தஞ்சாவூரில் அப்படி ஒருவர் அகப்படாமலா போவார்?