ஓடுகிற செய்முறை, சரியான செய்முறை

பைத்தானில் அறிவியல் கணக்கு போடுகிறவர்களில் பலருக்கு சைப்பை குக்புக் தெரிந்திருக்கும். சைப்பை லைப்ரரியைப் பயன்படுத்துகிறவர்களே எழுதிச் சேர்த்த "இதை எப்படிச் செய்வது" பக்கங்கள். முதலில் விக்கியாக இருந்தது, பிறகு நோட்புக்குகளாக மாறி கிட்ஹப்புக்குப் போனது. பலர் கூடி எழுதும் இப்படிப்பட்ட தளத்தின் பலம், பலவீனம் இரண்டையும் பார்க்க அதிலிருந்த ஒரே ஒரு செய்முறை போதும் என்று நினைக்கிறேன்: சாவிட்ஸ்கி-கோலே ஃபில்டர்.

1964-ல் வந்த முறை இது. இரைச்சல் கலந்த அளவீடுகளை, உச்சங்களை அதிகம் மழுக்காமல் மென்மையாக்கும். ஒவ்வொரு புள்ளியையும் சுற்றிச் சில புள்ளிகளை எடுத்து, அவற்றுக்கு ஒரு சின்ன பல்லுறுப்புக்கோவையைப் பொருத்தி, நடுவில் அது தரும் மதிப்பை எடுத்துக்கொள்வது. அவ்வளவுதான்.

முதலில் பாராட்டு. அந்தப் பக்கம் ஒரு குறிப்பிட்ட வேலைக்கானது. சின்ன ஃபங்ஷன், விளக்கம், ஒரு படம். ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2016 ஜூலையில் திறந்து 2017 ஆகஸ்டில் மூடிய "டாக்குமென்டேஷன்" பகுதியில் எனக்குக் குறையாகப் பட்டது இதுதான். அங்கே தலைப்பும் உதாரணமும் இருந்தன, பின்னால் யாருடைய கேள்வியும் இல்லை.

இனி குறைகள். அந்த நிரலில் "எக்ஸெப்ட்" வரி பைத்தான் 2 பாணியில் காற்புள்ளி போட்டு எழுதப்பட்டது. பைத்தான் 3 அதை ஏற்காது. அதைத் திருத்தினாலும் அடுத்து "என்பி.இன்ட்" நிற்கிறது. நம்பை 1.24-ல் அதை நீக்கிவிட்டார்கள். இந்த இரண்டும் பரவாயில்லை, ஓட்டினவுடனே கத்திவிடும்.

மூன்றாவது கத்தாது. வரிசையின் ஓரங்களில் ஒரு பக்கம் புள்ளிகள் இருக்காது. அதனால் செய்முறையே இட்டு நிரப்புகிறது: முதல் மதிப்பிலிருந்து வித்தியாசத்தைக் கழித்து, கடைசி மதிப்போடு கூட்டி. ஆனால் வித்தியாசத்தின் குறியை விட்டுவிட்டு, அளவை மட்டும் எடுக்கிறது. அதாவது தரவு எப்போதும் ஏறிக்கொண்டே இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறது.

பேப்பரிலேயே போட்டுப் பார்க்கலாம். 10, 9, 8, 7, 6 என்ற வரிசை, ஐந்து புள்ளி ஜன்னல், இரண்டாம் படிக் கோவை. முன்னால் 12, 11 வர வேண்டிய இடத்தில் 8, 9 வருகிறது. நேர்கோடு இந்த ஃபில்டரில் மாறாமல் வெளியே வரணும். ஆனா முதல் மதிப்பு 10-க்குப் பதில் 9.66, கடைசி 6-க்குப் பதில் 6.34. இதே வரிசையை 6-லிருந்து 10-க்கு ஏற விட்டால் எல்லாம் சரியாக இருக்கும்! பக்கத்தில் கொடுத்த உதாரணமோ மணி வடிவ வளைவு. இரண்டு ஓரமும் கிட்டத்தட்ட பூஜ்யம். அதில் இந்தப் பிழை கண்ணில் படாது.

எழுதியவரைக் குறை சொல்லவில்லை. சும்மா கிடைத்த உதவி அது, படித்துக் கற்றவர்கள் நிறைய. குறை அமைப்பில். மேட்பிளாட்லிப், சைகிட்-லேர்ன் போன்றவற்றின் உதாரணத் தொகுப்புகளில், ஆவணத்தை உருவாக்கும்போதே பெரும்பாலான நிரல்கள் ஓடுகின்றன. முதல் இரண்டு பிழைகளை அது பிடித்துவிடும். மூன்றாவதைப் பிடிக்காது, ஏனென்றால் அந்த நிரல் நன்றாகவே ஓடும், படமும் அழகாகவே வரும்.

ஆகவே இப்படி ஒரு தளம் கட்டுகிறவர்கள் ஒவ்வொரு பக்கத்திலும் விடை முன்பே தெரிந்த ஒரு சோதனையைக் கேட்க வேண்டும். நேர்கோட்டைக் கொடுத்தால் நேர்கோடு வருகிறதா என்கிற அளவுக்கு இருந்தாலே போதும். இன்னொன்று, லைப்ரரியே அந்த வேலையைச் செய்ய ஆரம்பித்த நாளில் பக்கத்தின் தலையில் ஒரு வரி போட வேண்டும். 2014-ல் சைப்பை 0.14-லேயே இந்த ஃபில்டர் உள்ளே வந்துவிட்டது.

வெட்டி ஒட்டிய பழைய நகல் உங்க ஃபோல்டரில் இருந்தால், இன்றைக்கே 10, 9, 8, 7, 6 கொடுத்துப் பாருங்கள்.