கீழடி நூலில் எலும்புப் பக்கம்
தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-ல வெளியிட்ட கீழடி நூலைப் பத்திப் பேசுறவங்க பெரும்பாலும் கி.மு. 580-லயே நின்னுடறாங்க. எனக்கு முக்கியமாப் பட்டது எலும்புப் பகுதி. புனே டெக்கான் கல்லூரி ஆராய்ந்த 70 மாதிரிகளில் மாடு, எருமை, ஆடு ஆகியவற்றோடு கலைமானும் உண்டு. கலைமான் திறந்த புல்வெளியில் வாழ்வது, அடர்காட்டில் இருக்காது. அப்போ வைகைக் கரை எப்படி இருந்திருக்கும்? இந்தக் கேள்விக்கு நூல் தரும் இடம் போதாது.

பதிலில் பாதி, கருகிய விதைகளில் இருக்கும். தோண்டிய மண்ணை நீரில் கரைச்சா அவை மிதக்கும். எங்க விருத்தாசலம் செராமிக் பட்டறைகளில் களிமண் கரைக்கும்போது மேல மிதக்கிறது குப்பை. சூழல் தொல்லியலுக்கு அதுதான் சரக்கு. ஒரு குழியை ஒருமுறைதான் தோண்ட முடியும்; கரைக்காம கொட்டின மண்ணோட விதையும் போயிடும்.