ஜான் ஆலனின் மாதிரி ரயில்: அழுக்கும் புகைப்படமும்

ஜான் ஆலன் (ஜூலை 2, 1913 – ஜனவரி 6, 1973) அமெரிக்க மாதிரி ரயில் கலைஞர், புகைப்படக்காரர். கலிஃபோர்னியாவின் மான்டரே நகரில் தன் வீட்டின் அடித்தள அறையில் அவர் கட்டியெழுப்பிய 'கோர் அண்ட் டஃபீட்டட்' என்னும் கற்பனை ரயில்வே, எச்.ஓ. அளவில் (1:87) அமைந்தது. தரையிலிருந்து கூரை வரை மலைகளும் பள்ளத்தாக்குகளும் மரப்பாலங்களும் கொண்டது. ஆலன் இறந்து பத்து நாட்களில் அந்த வீட்டில் ஏற்பட்ட தீவிபத்தில் அதன் பெரும்பகுதி எரிந்துபோனது. இன்று எஞ்சியிருப்பவை பெரும்பாலும் அவர் எடுத்த படங்கள்தான். ஆகவே ஆலனைப் பற்றிய மதிப்பீடு எதுவும் ஒரு சிக்கலில் இருந்தே தொடங்கவேண்டியிருக்கிறது. மதிப்பிடப்படுவது மாதிரியா, மாதிரியின் புகைப்படமா?

பின்புலம்

ஆலன் இத்துறைக்கு வந்த 1940களில் மாதிரி ரயில் என்பது பெரும்பாலானோருக்கு பளபளப்பான பொருள். தகரத்தில் செய்த பொம்மை ரயில்கள் எனாமல் மினுக்கத்துடன் விற்கப்பட்டன. பின்னர் ஜப்பானில் கையால் செய்யப்பட்ட பித்தளை எஞ்சின்கள் வந்தபோது பலர் அவற்றுக்கு வண்ணம்கூட பூசாமல் கண்ணாடி அலமாரியில் வைத்தனர். நுணுக்கமாகச் செய்யப்பட்ட ஒன்றின்மேல் புழுதியைப் பூசுவது அதைக் கெடுப்பதாகவே எண்ணப்பட்டது.

ஆலன் தொழில்முறைப் புகைப்படக்காரர். பளபளப்பு கேமராவுக்கு முன் என்ன செய்யும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. உண்மையான நீராவி எஞ்சினில் ஒளி பட்டால் அதன் கொதிகலன் நெடுக மங்கிய ஒரு பட்டை தெரியும். மினுங்கும் மாதிரியில் அதே ஒளி விளக்கின் வடிவத்தையே திருப்பிக் காட்டும். பார்ப்பவர் அந்தக் கணமே இது கையடக்கப் பொருள் என்று கண்டுகொள்வார். 1950களில் வார்னி என்ற மாதிரி ரயில் நிறுவனத்தின் இதழ் விளம்பரங்களில் ஆலனின் படங்கள் வெளிவந்தன. பொருளை விற்கும் விளம்பரத்தில், புழுதியும் புகையும் படிந்த உலகம் ஒன்றுக்குள் அந்தப் பொருளை ஓடவிட்டவர் அவர்.

அழுக்கின் தர்க்கம்

வெயில், மழை, புகை, உழைப்பு ஆகியவை ஒரு பொருளில் ஏற்படுத்தும் தேய்வை மாதிரியின்மேல் செயற்கையாக ஏற்றுவதை இத்துறையினர் வெதரிங் என்கிறார்கள். நீர்க்க கரைத்த வண்ணத்தைப் பூசித் துடைப்பது, ஏறத்தாழ உலர்ந்த தூரிகையால் விளிம்புகளைத் தடவுவது, ஏர்பிரஷால் மெல்லிய படலம் தெளிப்பது, சாக்பீஸ் போன்ற பாஸ்டல் குச்சியை உரசி எடுத்த தூளைத் தேய்ப்பது ஆகியவை அடிப்படை முறைகள். இவற்றை ஒரு வார இறுதியில் கற்றுக்கொண்டுவிடலாம். கற்றுக்கொள்ளக் கடினமானது அழுக்கு எங்கே படியும், எங்கே படியாது என்னும் அறிவு.

நீராவி எஞ்சினின் அழுக்கு எதுவும் தற்செயலானது அல்ல. முன்புறமுள்ள புகைப்பெட்டி வெப்பக்காப்பு உறை இல்லாதது. ஆகவே அதன் கறுப்பு வண்ணம் வெந்து சாம்பல் நிறமாகும். அதன் கதவைத் திறந்து சாம்பலை வாரும்போது கதவின் அடிப்பகுதியில் வெண்சாம்பல் தங்கும். பாதுகாப்பு வால்வைச் சுற்றியும் கொதிகலனைக் கழுவும் துளைகளின் கீழும் நீர் வழிந்து காய்ந்த இடத்தில் சுண்ணாம்பின் வெண்கோடுகள் இறங்கும். கொதிகலனின் மேற்புறத்திலும் டெண்டரின் முதுகிலும் கரி. சக்கரங்களை இணைக்கும் தண்டுகளில் எண்ணெய், அந்த எண்ணெயில் ஒட்டிய புழுதி. பிரேக் கட்டைகள் தேய்ந்து உதிரும் இரும்புத்தூள் அடிச்சட்டம் முழுவதையும் செம்பழுப்பாக்கும்.

அழுக்கு இல்லாத இடங்களும் உண்டு. ஏறி இறங்கும் கைப்பிடிகள் தேய்ந்து மின்னும். எஞ்சினின் எண்ணை மட்டும் யாரோ எண்ணெய்த் துணியால் துடைத்திருப்பார்கள், அது வாசிக்கப்படவேண்டும் என்பதால். சக்கரத்தின் முகம் மங்கியிருக்கும், தண்டவாளத்தில் உருளும் விளிம்பு வெள்ளிபோல இருக்கும். தண்டவாளத்தின் பக்கங்கள் துருநிறம், அதன் தலை பளிச்சென்ற உலோகம்.

சரக்கு வண்டிகள் இன்னும் நுட்பமானவை. பிரிட்டிஷ் ரயில்வேயின் 16 டன் நிலக்கரி வாகன்கள் இதற்குச் சிறந்த உதாரணம். நிலக்கரி விழுந்து உள்வண்ணம் முதலிலேயே போய்விடும். துரு உள்ளிருந்து வெளியே வரும். பக்கத்தகட்டில் வண்ணம் கொப்பளித்து உரிந்த இடங்கள் திட்டுத்திட்டாக இருக்கும். அண்மையில் பழுதுபார்க்கப்பட்ட ஒரு தகடு மட்டும் புதுச்சாம்பல் நிறத்தில் தனித்துத் தெரியும். பத்து வாகன்கள் சேர்ந்து நின்றால் ஒன்றுபோல் மற்றொன்று இருக்காது. அதே காலத்தில் அதே நாட்டில் விரைவு ரயில் எஞ்சின்கள் துடைத்துப் பராமரிக்கப்பட்டன. 1968 ஆகஸ்டில் நீராவி வண்டிகள் நிறுத்தப்படுவதற்கு முந்தைய சில ஆண்டுகளில் அந்தப் பராமரிப்பும் தளர்ந்தது. ஆகவே ஓர் எஞ்சினின்மேல் இருக்கும் அழுக்கின் அளவைக்கொண்டே அது எந்த ஆண்டில், என்ன வேலையில் இருந்தது என்று ஊகிக்க முடியும். நல்ல வெதரிங் என்பது அடிப்படையில் வரலாற்று எழுத்து. மோசமான வெதரிங் ஒப்பனை.

ஆலனின் பெட்டிகளும் எஞ்சின்களும் முதல் வகையைச் சேர்ந்தவை. ஒரே ரயிலில் நேற்று வண்ணம் பூசிய பெட்டியும் இருபது ஆண்டுகள் மழையில் நின்ற பெட்டியும் அடுத்தடுத்து வரும். அந்த வேறுபாடுதான் அது வெவ்வேறு இடங்களிலிருந்து சேர்ந்து வந்த வண்டி என்ற உணர்வை அளிக்கிறது. ஒரே நாளில், ஒரே டப்பாவில் இருந்து எடுத்த பழுப்பை எல்லாப் பெட்டிகளுக்கும் தெளித்த மாதிரிகளில் அந்த உணர்வு வருவதில்லை. அவை சேர்ந்து ஒரே புயலில் மாட்டிக்கொண்டவை போலிருக்கின்றன.

கேமராவின் உயரம்

1:87 அளவில் நிற்கும் ஒரு மனிதனின் கண், தரையிலிருந்து ஏறத்தாழ 18 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கும். மாதிரி ரயிலின் படம் மெய்யாகத் தோன்றவேண்டும் என்றால் லென்ஸின் மையம் அங்கே இருந்தாகவேண்டும். சாதாரண கேமராவின் லென்ஸ் அதைவிடப் பெரியது. ஆகவேதான் பெரும்பாலான மாதிரி ரயில் படங்கள் ஹெலிகாப்டரில் இருந்து எடுத்தவை போல இருக்கின்றன. நாம் ரயில்களை அப்படிப் பார்ப்பதில்லை.

இரண்டாவது சிக்கல் குவியம். மெய்யான ரயிலைப் படமெடுக்கும்போது எஞ்சின் முப்பது மீட்டர் தள்ளி இருக்கிறது. அதற்கப்பால் எல்லாமே ஓரளவு தெளிவாக விழும். மாதிரியில் எஞ்சினின் முகம் லென்ஸில் இருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது, பின்னணி மலை ஒரு மீட்டரில். முகம் தெளிந்தால் டெண்டர் கலங்கும். கலங்கிய டெண்டரே போதும், பொம்மை என்று காட்டிக்கொடுக்க. இதற்கு ஆலன் காலத்தில் இருந்த வழி லென்ஸின் துளையை மிகச் சிறிதாக்கி, நீண்டநேரம் ஒளி விழச்செய்வது. துளையை அளவுமீறிச் சுருக்கினால் ஒளியின் விளிம்பு விளைவால் படம் முழுக்க மென்மையாகிவிடும். இந்தப் பேரத்தை ஆலன் போலத் திறமையாக நடத்தியவர்கள் குறைவு. இன்று குவியத்தை மாற்றிமாற்றிப் பல படங்கள் எடுத்து மென்பொருளால் ஒன்றிணைக்கிறார்கள். சிக்கல் தீர்ந்துவிட்டது. ஆனால் எல்லாமே கூர்மையாகத் தெரிவதனால் தூரமே இல்லாமல் போன படங்கள் பெருகிவிட்டன. ஆலனின் மலைகள் பின்னே செல்லச்செல்ல வெளிறும். காற்றில் உள்ள மூட்டத்தை அவர் வண்ணத்தாலேயே தீட்டினார். ஆழத்தைக் கூட்டிக்காட்ட ஆங்காங்கே கண்ணாடிகளையும் ஒளித்துவைத்தார்.

கேமரா வெதரிங்கையும் சோதிக்கிறது. பத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள பாஸ்டல் தூளின் ஒரு துணுக்கு, 87 மடங்காகும்போது ஒன்பது மில்லிமீட்டர் கூழாங்கல். தூரிகையில் இருந்து உதிர்ந்த மயிர் ஒரு கம்பிவடம். கண்ணுக்குப் புழுதியாகத் தெரிந்தது படத்தில் சரளைக் குவியலாகத் தெரியும். நிறத்திலும் இதே கதைதான். மேசையில் இரண்டடி தூரத்தில் இருந்து பார்ப்பது உண்மையில் ஐம்பது மீட்டருக்கு அப்பாலிருந்து பார்ப்பதற்குச் சமம். அந்தத் தொலைவில் கறுப்பு முழுக்கறுப்பாக இருப்பதில்லை. ஆகவே எஞ்சினின் கறுப்பில் சற்று சாம்பல் கலந்தாகவேண்டும்.

ஆலனுக்கு ஒரு சாதகம் இருந்தது என்பதையும் சொல்லியாகவேண்டும். அவர் காலத்து இதழ்கள் பெரும்பாலும் கறுப்பு-வெள்ளையில் அச்சாயின. துருவின் சிவப்பு சற்று மிகையாக இருந்தாலும் அச்சில் அது ஒரு சாம்பல் நிழல் மட்டுமே. அவருடைய வண்ணப் படங்களைக் கறுப்பு-வெள்ளைப் படங்களுடன் ஒப்பிடும்போது மாயம் சற்றுக் குறைவதற்கு இதுவே காரணம்.

வின்ஸ்டன் லிங்க்: மறுமுனை

ஆலனின் படங்களைப் புரிந்துகொள்ள அவருடைய சமகாலத்தவரான ஓ. வின்ஸ்டன் லிங்கின் படங்கள் உதவுகின்றன. நியூயார்க் நகரின் விளம்பரப் புகைப்படக்காரரான லிங்க், 1955 முதல் 1960 வரை நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில்வேயின் கடைசி நீராவி எஞ்சின்களை இரவில் படமெடுத்தார். பல்புகளை வரிசையாகக் கட்டி, எஞ்சின் வரும் கணத்தில் எல்லாவற்றையும் ஒன்றாக எரியச்செய்தார். மெய்யான எஞ்சின், மெய்யான ஊர். ஆனால் இருளில் இருந்து வெட்டியெடுத்த அந்த வெளிச்சத்தில் அவை சிறந்த மாதிரிகள் போலத் தோன்றுகின்றன. திறந்தவெளித் திரையரங்கின் அருகே ரயில் செல்லும் அவருடைய புகழ்பெற்ற 1956ஆம் ஆண்டுப் படத்தில் திரையில் தெரியும் விமானம் அச்சிடும்போது சேர்க்கப்பட்டது. ஃப்ளாஷின் ஒளியில் திரை வெளுத்துப்போயிருந்தது.

லிங்க் உண்மையை அரங்காக்கினார். ஆலன் அரங்கை உண்மையாக்க முயன்றார். வேறுபாடு ஒளியில் இருக்கிறது. சூரியன் ஒன்றே, அதன் கதிர்கள் நமக்கு இணையாக வருகின்றன. மாதிரிமேல் விழும் விளக்கு அருகில் இருந்தால் நிழல்கள் விசிறிபோல விரியும். இரண்டு விளக்குகள் வைத்தால் இரட்டை நிழல். இதை மறைக்கத் தெரியாதவரின் எஞ்சின் எவ்வளவு நேர்த்தியாக அழுக்காக்கப்பட்டிருந்தாலும் பயனில்லை.

எதிர்விமர்சனம்

ஆலனின் உலகில் எல்லாமே பழையது. கட்டடங்களின் பலகைகள் வெளுத்திருக்கின்றன, பாலங்கள் ஆழத்துக்குமேல் மெலிந்து நிற்கின்றன. இத்தனை ரயில்கள் ஓடும் பாதையில் புதிய வீடு கட்டுவதற்கோ பழைய வீட்டுக்கு வண்ணம் பூசுவதற்கோ எவரிடமும் பணமில்லையா என்ற கேள்வி எழுகிறது. எஞ்சின்களிலும் பெட்டிகளிலும் அவர் காட்டிய நிதானம் கட்டடங்களில் இல்லை. அங்கே அழுக்கு, காலத்தின் பதிவாக இல்லாமல் அழகுணர்ச்சியாக, சொல்லப்போனால் ஏக்கமாக மாறிவிடுகிறது. அவரைப் பின்பற்றியவர்கள் எடுத்துக்கொண்டது பெரும்பாலும் இந்த ஏக்கத்தைத்தான். சிதைவே யதார்த்தம் என்றாயிற்று.

ஆலன் தன் மாயத்தைத் தானே கலைத்தவரும்கூட. ரயில்வேயின் பெயரை வேகமாகச் சொன்னால் 'குருதி வழியத் தோற்றது' என்னும் ஆங்கிலச் சிலேடை வரும். நிலையங்களின் பெயர்களிலும் இதே விளையாட்டு. பெட்டிகளை இழுத்து மாற்றும் எஞ்சினாக எம்மா என்ற பெயரில் ஒரு ஸ்டெகோசாரஸ் டைனோசரும் உண்டு, எண் 13. இதைக் கேலி என்று ரசிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் சுண்ணாம்புக் கோட்டைக்கூட சரியான இடத்தில் இறக்கிய ஒருவர், அதே படத்தில் டைனோசரை நிறுத்துவது பார்வையாளரின் நம்பிக்கையைக் கடன்வாங்கித் திருப்பித் தராமல் இருப்பதற்குச் சமம். அல்லது, தன் கைத்திறன்மேல் மிகையான நம்பிக்கை கொண்டவரின் கூச்சம் அது என்றும் கொள்ளலாம்.

இங்கிலாந்தின் ஜான் ஏஹெர்ன் (மறைவு 1961) உருவாக்கிய மேடர் வேலி ரயில்வேயை இங்கே ஒப்பிடலாம். 1930களின் இறுதியில் தொடங்கப்பட்ட அது இப்போது லாங் விட்டென்ஹாம் கிராமத்தில் பெண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கற்பனை ஊர்தான், ஆனால் அங்கே பழையதும் புதியதும் கலந்திருக்கின்றன. ஆலனின் நாடகீயம் ஏஹெர்னிடம் இல்லை. ஆனால் அவருடைய படைப்பைச் சுற்றிவந்து பார்க்கலாம், பின்புறம் குனிந்து பார்க்கலாம், பிடிக்காத மூலையைக் கண்டுபிடிக்கலாம்.

ஆலனின் படைப்பில் அது இயலாது. மாடல் ரயில்ரோடர் இதழின் ஆசிரியராக இருந்த லின் வெஸ்ட்காட், ஆலனைப் பற்றி எழுதிய நூல் 1981இல் வெளிவந்தது. அதிலும் ஆலனின் ரயில்வே பெரும்பாலும் ஆலன் தேர்ந்த கோணங்களில்தான் இருக்கிறது. அவர் கேமராவைத் திருப்பாத மூலைகளில் என்ன இருந்தது, அங்கே பெட்டிகள் அழுக்காக்கப்பட்டிருந்தனவா, அல்லது வாங்கிய நாளின் மினுக்கத்தோடு நின்றிருந்தனவா என்பதை, அந்த அறைக்குள் நின்று ரயில்களை ஓட்டிய நண்பர்கள் மட்டுமே அறிந்திருப்பார்கள்.